ஒரே டேக், 90 நிமிடம்: தொடக்கத்தில் பட-ஒலி சிங்க் சரி, கடைசியில் 5 ஃப்ரேம் விலகல். காரணம் எங்கே?

#1 – தொடர்_டேக்

வெட்டே இல்லாத உரையாடல் காட்சி. இரண்டு கேமரா, தனி ரெக்கார்டர். ஏ கேமரா நடிகர்களிடமிருந்து 3 மீட்டரில் நிற்கிறது. பி கேமரா டெலி லென்ஸோடு 20 மீட்டர் தள்ளி. இரண்டிலும் விநாடிக்கு 24 ஃப்ரேம். 23.976 அல்ல, முழு 24தான். மெனுவில் பார்த்து உறுதி செய்தது. ரெக்கார்டர் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். டேக்குக்குச் சற்று முன் மூன்றுக்கும் டைம்கோட் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உரிய நேர எண்) ஜாம் செய்து, அதாவது ஒரே நேரத்துக்கு வைத்து, கேபிளைக் கழற்றிவிட்டோம். முன்னும் பின்னும் கிளாப் (படத்தையும் ஒலியையும் சேர்க்க உதவும் பலகை அடி) இருக்கிறது.

எடிட்டில் தெரிபவை:

– டைம்கோடை வைத்துச் சேர்த்தால் தொடக்கக் கிளாப் இரண்டு கேமராவிலும் சரியாக உட்காருகிறது.
– முடிவுக் கிளாப்பில் ஏ கேமராவுக்கு ஒலி 2 ஃப்ரேம் பிந்தி வருகிறது. பி கேமராவுக்கு 5 ஃப்ரேம் முந்தி வருகிறது.
– வேவ்ஃபார்மை, அதாவது கேமரா ஒலியின் அலை வடிவத்தை, வைத்துச் சேர்த்தால் பி கேமராவில் தொடக்கமே தப்பு. ஒலி ஒன்றரை ஃப்ரேம் அளவுக்குத் தாமதம்.

டைம்கோட் இருந்தும் ஏன் விலக வேண்டும்? இதைச் சரிசெய்ய ஒலியை இழுத்து நீட்டலாமா?

#2 – சிங்க்மேசை

ஒலியைத் தொடாதீர்கள். முதலில் விலகலின் போக்கைப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகல் என்றால், வைத்த இடம் தப்பு. ஜாம் சரியில்லை, கிளாப்பைத் தவறான ஃப்ரேமில் பிடித்திருக்கிறார்கள், அல்லது கேமராவுக்கு உள்ளேயே ஒரு நிலையான தாமதம் இருக்கிறது. நேரம் போகப் போகச் சீராக வளர்ந்தால் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. நடுவில் ஓரிடம் வரை சரியாக வந்து சட்டென்று தாவினால் ஃப்ரேம் விடுபட்டிருக்கிறது, அல்லது கோப்பு துண்டாகும் இடத்தில் இடைவெளி விழுந்திருக்கிறது.

உங்களுடையது எந்த வகை என்று தெரிய 30ஆவது, 60ஆவது நிமிடங்களில் ஒவ்வொரு இடம் பிடியுங்கள். மேசையில் டம்ளர் வைப்பது, கதவு மூடுவது, ப, ம, ப்ப வருகிற சொற்களில் உதடு ஒட்டிப் பிரிவது, எதுவானாலும் சரி. பி கேமராவில் அங்கே ஏறத்தாழ 1.7, 3.3 ஃப்ரேம் வந்தால் சீரான வளர்ச்சிதான்.

#3 – தொடர்_டேக்

பார்த்தாயிற்று. 30ஆவது நிமிடத்தில் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில், 60இல் மூன்றுக்குச் சற்று மேல். தாவல் எங்கும் இல்லை.

#4 – பூம்கம்பம்

அப்படியானால் கடிகாரம்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

90 நிமிடம் என்றால் 5,400 விநாடி, 1,29,600 ஃப்ரேம். அதில் 5 ஃப்ரேம் விலகுவது பத்து லட்சத்துக்கு 38.6 பங்கு. ஏ கேமராவின் 2 ஃப்ரேம் 15.4 பங்கு. கடிகாரத்தை ஓட்டும், வெப்பநிலை ஈடுசெய்யாத சாதாரணக் குவார்ட்ஸ் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 முதல் 50 பங்கு வரை பிசகுவது சகஜம். உங்கள் கேமரா இரண்டுமே அந்த வரம்பைத் தாண்டவில்லை. பழுது எதுவும் இல்லை.

ஃப்ரேம் ரேட் குழப்பமாக இருந்தால் எண் வேறு மாதிரி வந்திருக்கும். 24க்கும் 23.976க்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. 90 நிமிடத்தில் அது 5.4 விநாடி, அதாவது 130 ஃப்ரேம் அளவு. 5 ஃப்ரேமைப் பார்த்துவிட்டு ஃப்ரேம் ரேட்டைச் சந்தேகிப்பது வீண் வேலை.

திசையையும் கவனியுங்கள். பி கேமராவின் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடி, ஒரு விநாடிக்கு 24க்கும் மயிரிழை கூடுதலாக ஃப்ரேம் எடுத்திருக்கிறது. டைம்லைன் அதைச் சரியாக 24இல் ஓட்டும்போது படம் நீண்டுவிடுகிறது, ஒலி முந்துகிறது. ஏ கேமராவில் இதற்கு நேர்மாறு. இரண்டு கேமராவுக்கும் நடுவில் மட்டும் 7 ஃப்ரேம் இருக்கிறது. ஒலியை ஏ கேமராவுக்கு ஏற்றபடி குறுக்கினால் பி கேமராவில் 5 என்பது 7 ஆகிவிடும். அதனால்தான் #2இல் ஒலியைத் தொடாதீர்கள் என்றார்.

#5 – தொடர்_டேக்

மூன்றும் ஒரே டைம்கோடில் இருந்தனவே? நாள் முழுக்க ஒன்றாக ஓடும் என்றுதானே ஜாம் செய்கிறோம்?

#6 – பூம்கம்பம்

டைம்கோட் என்பது முகவரி மட்டும். இந்த ஃப்ரேம் 10 மணி 14 நிமிடம் 3 விநாடி 7ஆவது ஃப்ரேமில் பிறந்தது என்று சொல்லும், அவ்வளவே. அடுத்த ஃப்ரேம் எப்போது பிறக்க வேண்டும் என்று கேமராவுக்கு அது உத்தரவு போடுவதில்லை. அந்த வேலை கேமராவின் சொந்தப் படிகத்தினுடையது. பெரும்பாலான கோப்புகளில் தொடக்க முகவரி ஒன்றுதான் எழுதப்படுகிறது. மற்றதெல்லாம் அங்கிருந்து எண்ணிக்கொண்டு போவதுதான்.

ஃப்ரேம் பிறக்கும் தருணத்தையே கட்டுப்படுத்த ஜென்லாக் வேண்டும். ரெக்கார்டரின் சாம்பிள்களை (விநாடிக்கு 48,000 ஒலி அளவீடுகள்) கட்டுப்படுத்த வேர்ட் கிளாக் வேண்டும். 48,000ஐ 24ஆல் வகுத்தால் ஃப்ரேமுக்கு 2,000 சாம்பிள் (25இல் 1,920, 23.976இல் 2,002). இந்த விகிதம் மணிக்கணக்கில் பிசகாமல் நிற்க வேண்டுமானால் இரண்டும் ஒரே கடிகாரத்திலிருந்து பிறக்க வேண்டும். ஆம்பியன்ட் லாக்கிட் போன்ற பெட்டிகள் டைம்கோட், ஜென்லாக், வேர்ட் கிளாக் மூன்றையும் ஒரே படிகத்திலிருந்து தரும். டென்டக்கிள் போன்ற சிறு பெட்டிகள் டைம்கோடோடு நின்றுவிடும். வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெப்பநிலை ஈடுசெய்த படிகம் உள்ள நல்ல ரெக்கார்டர் பத்து லட்சத்துக்கு 0.2 பங்குக்குள் நிற்கும். 90 நிமிடத்தில் அது ஒரு மில்லிசெகண்ட். அதனால் உங்கள் ஒலியையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

#7 – ஃபோகஸ்_வளையம்

ஜாம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அணைத்து வைத்திருந்த கேமராவைப் போட்ட உடனே ஜாம் செய்வது நல்லதல்ல. படிகம் குளிர்ச்சியில் ஒரு வேகத்திலும் சூட்டில் இன்னொரு வேகத்திலும் ஓடும். கால் மணி நேரமாவது ஓடி, கேமரா வழக்கமான சூட்டுக்கு வந்த பிறகு செய்யுங்கள். அதன் பிறகும் பேட்டரி மாற்றினால், ஃப்ரேம் ரேட் மாற்றினால், ஹைஸ்பீடுக்குப் போய்த் திரும்பினால், உணவு இடைவேளை முடிந்தால், மறுபடி ஜாம். கேட்டால் அரை நிமிட வேலை.

இதைவிட நல்லது, டைம்கோட் பெட்டியை கேமராவிலேயே கட்டிவிடுவது. டைம்கோட் உள்ளீடு தனியாக இருந்தால் அதில் செருகுங்கள். இல்லாத கேமராவில் மைக் உள்ளீட்டின் ஒரு சேனலில் எல்டிசியைப் பதியலாம். எல்டிசி என்பது ஃப்ரேமுக்கு 80 பிட் கொண்ட ஒலி சமிக்ஞை. 24 ஃப்ரேமில் 960, 1,920 ஹெர்ட்ஸுக்கு நடுவே மாறி மாறிக் கத்துகிற சதுர அலை. மற்ற சேனலில் ஸ்க்ராட்ச் ஒலி, அதாவது சேர்ப்பதற்கு உதவ மட்டும் கேமராவில் பதியும் ஒலி. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே, 6கே மாதிரி சில கேமராக்கள் 3.5 மிமீ ஜாக்கில் எல்டிசி வந்தால் தாமாகவே அடையாளம் கண்டு டைம்கோடாக எடுத்துக்கொள்ளும். மற்றவற்றில் எடிட்டில் படித்து எடுக்க வேண்டும். டாவின்சி ரிசால்வில் ஆடியோ ட்ராக்கிலிருந்து டைம்கோடைப் புதுப்பிக்கும் கட்டளை இருக்கிறது.

இதில் தவறு நடக்கிற இடங்கள்: கேமராவில் ஆட்டோ கெயின் (ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்குவது) ஓடுவது, இரைச்சல் குறைப்பு ஓடுவது, பெட்டி லைன் அளவில் அனுப்ப, கேமரா மைக் அளவில் எதிர்பார்ப்பது. பெட்டியை மைக் அளவுக்கு மாற்றி, கெயினைக் கையால் வைத்து, உச்சம் -20க்கும் -12 டெசிபலுக்கும் நடுவில் நிற்கும்படி பார்த்தால் போதும். அளவு கூடிவிட்டால் எல்டிசியின் சத்தம் பக்கத்துச் சேனலுக்குக் கசிந்து ஸ்க்ராட்ச் ஒலியைக் கெடுக்கும். பதிந்த கையோடு ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். விட்டுவிட்டு வருகிற எல்டிசி சில கிளிப்பில் படியும், சிலதில் படியாது. எது படியவில்லை என்று எடிட் மேசையில்தான் தெரியவரும்.

#8 – சிங்க்மேசை

#7இல் சொன்ன முறையில் இன்னொரு நன்மை. எல்டிசி கிளிப் முழுக்க ஓடுவதால் முடிவுக் கிளாப் இல்லாவிட்டாலும் விலகலை அளக்கலாம். கிளிப்பின் கடைசியில் எல்டிசி காட்டும் நேரத்தையும், தொடக்கத்திலிருந்து ஃப்ரேம் எண்ணி வரும் நேரத்தையும் கழித்தால் வருவதுதான் அந்தக் கேமராவின் பிசகு.

இப்போது வேவ்ஃபார்ம் விஷயம். 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. 24 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் 41.7 மில்லிசெகண்ட். அதற்குள் ஒலி கடக்கும் தூரம் 14.3 மீட்டர். உங்கள் பி கேமராவின் மைக் 20 மீட்டரில் இருக்கிறது. வசனம் அங்கே போய்ச்சேர 58 மில்லிசெகண்ட், அதாவது 1.4 ஃப்ரேம். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. மென்பொருள், நடிகர் அருகே கம்பத்தில் நீட்டிய பூம் மைக்கின் ஒலியை, தாமதமாக வந்த ஸ்க்ராட்ச் ஒலியோடு பொருத்துகிறது. பொருத்தம் அச்சாக இருக்கிறது, பொருத்தப்பட்ட இடம் தப்பு.

ஆக, இரண்டும் முரண்பட்டால் கிளாப்பைப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் அது டைம்கோட் பக்கம் நிற்கிறது.

#9 – பூம்கம்பம்

டெலி லென்ஸ் கேமராவின் ஸ்க்ராட்ச் சேனலுக்கு மிக்ஸரிலிருந்து வயர்லெஸ்ஸில் ஒலி அனுப்பிவிட்டால் இந்தத் தூரப் பிரச்சினையே வராது. கருவியைப் பொறுத்துச் சில மில்லிசெகண்ட் முதல் சில பத்து மில்லிசெகண்ட் வரை தாமதம் இருக்கும். முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளலாம். டைம்கோட் கைவிட்ட நாளிலும் வேவ்ஃபார்ம் காப்பாற்றும். ஆனால் படப்பிடிப்பில் வயர்லெஸ் அறுந்தால் கேமரா பக்கம் யாருக்கும் தெரியாது. எனவே அது ஸ்க்ராட்ச் மட்டுமே. மூல ஒலி ரெக்கார்டரில்தான்.

நீண்ட டேக் என்றால் ஜென்லாக் கட்டாயம் என்பது என் கருத்து.

#10 – சிங்க்மேசை

கட்டாயம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் 38.6 பங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 நிமிட டேக்கில் அது 23 மில்லிசெகண்ட், அரை ஃப்ரேமுக்குச் சற்று மேல். கதைப்படத்தில் பெரும்பாலான டேக் 3, 4 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஒவ்வொன்றும் தன் டைம்கோடிலும் கிளாப்பிலும் புதிதாகத் தொடங்குகிறது. அங்கே ஜென்லாக் கேபிள் ஒரு சுமை. கையில் பிடித்த கேமராவில் அது கழன்றால் வேறு தொல்லை.

மேடை நிகழ்ச்சி, நீண்ட பேட்டி, இந்த மாதிரி வெட்டில்லாத காட்சி, இவற்றுக்கு ஜென்லாக் சரி. கேமராவில் உள்ளீடு இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் கிளாப் அடித்து எடிட்டில் தீர்த்துக்கொள்ளலாம்.

#11 – தொடர்_டேக்

எடிட்டில் எப்படி? வேகத்தை 0.0039% மாற்ற முயன்றால் மென்பொருள் இரண்டு தசம இடத்துக்கு மேல் ஏற்கவில்லை.

#12 – சிங்க்மேசை

வேகத்தை மாற்ற வேண்டாம். ஒலி ஒரே துண்டாக இருக்கட்டும், படத்தை நகர்த்துங்கள்.

பி கேமரா 18 நிமிடத்துக்கு ஒரு ஃப்ரேம் விலகுகிறது. பிழை அரை ஃப்ரேமைத் தொடும் இடத்திலேயே நகர்த்தினால், எந்த நொடியிலும் அரை ஃப்ரேமுக்கு மேல் பிசகாது. ஆகவே 9, 27, 45, 63, 81ஆவது நிமிடங்களுக்கு அருகில் பி கேமராவை வெட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு ஃப்ரேமை எடுத்துவிட்டுப் பின்னால் இருப்பதை முன்னே இழுங்கள். ஏ கேமராவில் 22.5, 67.5 என்று இரண்டே இடம். அங்கே பின்பகுதியை ஒரு ஃப்ரேம் பின்னுக்குத் தள்ள வேண்டும், நடுவில் ஒரு ஃப்ரேம் வெற்றிடம் விழும்.

வெட்டும் இடம் மறு கேமரா திரையில் இருக்கும் நேரமாக அமையட்டும். பி கேமராவின் வெட்டை ஏ ஷாட்டுக்குள்ளும், ஏ கேமராவின் வெட்டை பி ஷாட்டுக்குள்ளும் ஒளித்துவிட்டால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒரு நிமிடம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. இதை மல்டிகேம் கிளிப்புக்கு (எல்லாக் கேமராவையும் ஒன்றாக அடுக்கிய கிளிப்) உள்ளேயே செய்துவிடுங்கள். எடிட் தொடங்கிய பிறகு செய்தால் ஒவ்வொரு வெட்டிலும் கை வைக்க வேண்டிவரும்.

சந்தேகம் வந்தால் ஒலி கொஞ்சம் பிந்தும் பக்கமாகவே சாயுங்கள். இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பிறகுதான் வருகிறது, அதற்குக் கண்ணும் காதும் பழகியிருக்கின்றன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியு-ஆர் பிடி.1359 பரிந்துரையில் மனிதர் கண்டுபிடிக்கும் எல்லை ஒலி முந்தினால் 45 மில்லிசெகண்ட், பிந்தினால் 125. ஒளிபரப்புக்கான அளவு அது; பெரிய திரையில் நெருக்கமான முகத்துக்கு நான் இரண்டு பக்கமும் அரை ஃப்ரேமைத் தாண்ட விடமாட்டேன்.

#13 – ஃபோகஸ்_வளையம்

எல்லாக் கணக்கும் கடைசியில் கிளாப்பை நம்பியே நிற்கிறது. அதை எப்படி அடிக்க வேண்டும் என்று புதிதாக வரும் உதவி இயக்குநர்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. எனவே விரிவாக.

முதலில் சவுண்ட் ரோல். ரெக்கார்டிஸ்ட் ‘ஸ்பீட்’ சொன்ன பிறகு கேமரா. கேமரா ‘ரோலிங்’ சொன்ன பிறகு சீன், ஷாட், டேக் எண்ணைத் தெளிவாகச் சொல்லி, ‘மார்க்’ என்று கூறி, ஒரு தடவை அடிக்க வேண்டும். பலகை அசையக் கூடாது. குச்சி இரண்டும் ஃப்ரேமுக்குள்ளும் ஃபோகஸிலும் இருக்க வேண்டும், விரல் மூடும் இடத்தை மறைக்கக் கூடாது. அடித்த பிறகு அரை விநாடி மூடியபடியே வைத்திருங்கள். அடித்துக்கொண்டே நகர்ந்தால் எந்த ஃப்ரேமில் மூடியது என்று தெரியாது.

முகத்தருகே அடிக்கும்போது மெதுவாக. பூம் பக்கத்திலேயே இருக்கிறது, மெல்லத் தட்டினாலே கூர்மையான அலை விழும். முதல் அடி படத்தில் விழவில்லை என்றால் ‘செகண்ட் மார்க்’ என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். குரல் கொடுக்காவிட்டால் எடிட்டில் முதல் சத்தத்தை இரண்டாவது படத்தோடு சேர்த்துவிடுவார்கள். முடிவுக் கிளாப் என்றால் பலகை தலைகீழ். ஒலி இல்லாத ஷாட்டில் குச்சிகளுக்கு நடுவே விரலை வைத்துத் திறந்தபடியே காட்டுங்கள். அப்போதுதான் உதவி எடிட்டர் இல்லாத ஒலியைத் தேடி அலையமாட்டார். இரண்டு கேமராவும் ஒரே பலகையைப் பார்த்தால் ‘காமன் மார்க்’. 20 மீட்டர் டெலி கேமராவுக்குப் பலகை தெரியாவிட்டால் அதற்குத் தனி அடி, ‘பி மார்க்’ என்ற அறிவிப்போடு. பலகை எங்கே அடிக்கப்பட்டாலும் அதன் பக்கத்தில் ஒரு மைக் இருக்க வேண்டும்.

#14 – சிங்க்மேசை

மேசையில் பார்க்கும் முறை: குச்சி முழுக்க மூடிய முதல் ஃப்ரேமைப் பிடியுங்கள். அதற்கு முந்தைய ஃப்ரேமில் குச்சி மங்கலாக இறங்கிக்கொண்டிருக்கும். 180 டிகிரி ஷட்டரில் ஒவ்வொரு ஃப்ரேமும் 20.8 மில்லிசெகண்ட்தான் திறந்திருக்கிறது; மீதிப் பாதியில் நடப்பது பதிவாவதில்லை. எனவே அடி விழுந்த தருணம் இந்த இரண்டு ஃப்ரேமின் எல்லைக்கு அருகில் எங்கோ இருக்கிறது. அலையின் முதல் கூர்முனையை அந்த எல்லையில் வையுங்கள். முனையைத் தேடும்போது பூம் ட்ராக்கைப் பாருங்கள். அறையின் எதிரொலியோடு வரும் லேப்பல் (சட்டையில் குத்தும் மைக்) ட்ராக்கில் முனை மழுங்கியிருக்கும்.

#15 – புது_உதவி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ரஷ்ஷில் (வெட்டாத மூலப் பதிவில்) எந்தக் கிளிப்பும் ஃப்ரேம் கணக்கில் விலகவில்லை. எல்லாமே அரை நிமிடத்துக்கும் மேல் தள்ளி நிற்கின்றன. காலை 10 மணி வாக்கில் 36 விநாடி, பிற்பகலில் இன்னும் அதிகம். கேமரா 23.976.

#16 – அலைமேடு

36 என்ற எண்ணே போதும். ரெக்கார்டர் எழுதும் பிராட்காஸ்ட் வேவ் கோப்பு டைம்கோடை மணி, நிமிடமாகச் சேமிப்பதில்லை. நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் என்ற ஒற்றை எண்ணாகச் சேமிக்கிறது. 23.976இல் 10:00:00:00 என்பது 8,64,000 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு 2,002 சாம்பிள், மொத்தம் 172,97,28,000. அதே எண்ணை 24 என்று நினைத்துப் படித்தால் 10:00:36:00 வரும். மணிக்கு 3.6 விநாடி வீதம் நாள் போகப் போகக் கூடும்.

ரெக்கார்டரின் ஃப்ரேம் ரேட் 23.976இல் இருந்ததா என்று பாருங்கள். இருந்தது என்றால் எடிட் புராஜெக்ட்டின் ஃப்ரேம் ரேட் 24 என்று வைக்கப்பட்டிருக்கும். கோப்பை உள்ளிடும் முன்பே அதை மாற்ற வேண்டும், பல மென்பொருளில் உள்ளிட்ட பிறகு மாற்ற முடியாது. ரெக்கார்டரே 24இல் இருந்திருந்தால் டைம்கோடை நம்பாமல் கிளாப்பில் சேருங்கள். இரண்டிலுமே ஒலியின் நீளத்துக்கு எந்தக் கேடும் இல்லை; 48 கிலோஹெர்ட்ஸ் 48 கிலோஹெர்ட்ஸ்தான். முகவரி மட்டும்தான் பிழை. வேகத்தை 0.1% மாற்றிவிடாதீர்கள், அப்புறம் உண்மையிலேயே விலகும்.

வேவ் கோப்புகளை வேறு மென்பொருளில் திறந்து மறுபடி சேமிக்கவும் வேண்டாம். அந்தச் சாம்பிள் எண்ணும், சீன், டேக், ட்ராக் பெயர் இருக்கும் ஐஎக்ஸ்எம்எல் பகுதியும் அதில் உதிர்ந்துபோகலாம். பின்னாளில் ஒலி எடிட்டர் மிக்ஸ் ட்ராக்கிலிருந்து தனித்தனி மைக் ட்ராக்குகளைத் தேடி எடுப்பது இவற்றை வைத்துத்தான்.

#17 – புது_உதவி

ரெக்கார்டர் 23.976இல்தான் இருக்கிறது. புராஜெக்ட் 24. மாற்றி உள்ளிட்டதும் எல்லாம் சேர்ந்துவிட்டது, நன்றி. இன்னொன்று: பாடலில் ஒரு பகுதியை ஸ்லோமோஷனுக்காக 48 ஃப்ரேமில் எடுக்கப் போகிறோம். உதட்டசைவு சேர வேண்டும்.

#18 – அலைமேடு

எடுக்கும் ஃப்ரேமை ஓட்டும் ஃப்ரேமால் வகுங்கள். 48ஐ 24ஆல் வகுத்தால் 2; பாடலை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். 30 ஃப்ரேம் என்றால் 1.25, 36 என்றால் 1.5. உங்கள் கேமரா 23.976 அமைப்பில் இருப்பதால் ஹைஸ்பீடு 48ஆ, 47.952ஆ என்று மெனுவில் பாருங்கள், 47.952ஆக இருந்தால்தான் விகிதம் சரியாக 2 வரும்.

ட்ராக்கை முன்கூட்டியே தயாரித்துத் தனிக் கோப்பாக வையுங்கள், ஸ்பாட்டில் பிளேயரின் வேகப் பொத்தானை நம்ப வேண்டாம். ஸ்ருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டினால் நடிகர்களால் சொற்களைப் பிடிக்க முடியும். முதல் சொல்லுக்கு முன் தாளத்தில் 4 பீப் சேருங்கள். ஹைஸ்பீடில் பல கேமராக்கள் ஒலியே பதியாது, நேர டைம்கோடும் அங்கே பயன்படாது. பலகையில் ‘48, பாடல் 2 மடங்கு, இரண்டாம் சரணம்’ என்று எழுதி, கடைசி பீப்போடு சேர்த்துக் கிளாப் அடியுங்கள். எடிட்டில் மூலப் பாடலை அதே பீப் இடத்தில் வைத்தால் சேர்ந்துவிடும். சேர்க்கைக்கு மெய்யெழுத்தைப் பாருங்கள்: ம், ப் வருகிற சொல்லில் உதடு மூடும் ஃப்ரேம் ஒலியோடு ஒத்தால் மற்றவையும் ஒக்கும்.